நாற்பது பிந்தெ தண்ணீர்

எங்கள் கட்டடத்தின் மேற்குப் பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை. காப்பாற்றத்தான் போனேன். ஆனால் வெட்டுவதற்கான காரணத்தைக் கோடு போட்ட தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

ஹைதராபாத் குகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு காலனியை ஒட்டிய ஒரு நாலு மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் நானும் என் கணவரும். பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி இங்கே பேசப் போவதும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன்னால் ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களுடையவை. வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் "நக்கோ" என்று வந்துவிடும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் பள்ளியில் உயிரியல் டீச்சர். இருபத்தைந்து வருடமாக அதே பாடம், அதே கரும்பலகை. கணவர் பட்டான்செருவில் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை ஷிப்டில் கரைப்பானின் ஆவி பற்றிக்கொண்டது. முகம் தப்பியது. மார்பு, முதுகு, இரண்டு கைகள், வயிற்றில் பாதி வெந்து போயின. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பில் பாதிக்கு மேல் இனி வியர்க்காது. சூடு உள்ளே ஏறினால் இறங்குவதற்கு வழியில்லை. வெயிலும் புழுக்கமும் இவருக்கு ஆகவே ஆகாது.

"இனிமே சட்ட அக்குள்ல கறை படியாது. ஒனக்குத் துவைக்குத வேல மிச்சம்" என்றார் என் கணவர். டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்த முதல் கேலி அது.

டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டீச்சர் புத்தி விடுமா? அடுத்த வாரம் பள்ளி லேபிலிருந்து இரண்டு கோபால்ட் குளோரைடு தாள்களைக் கொண்டுவந்தேன். காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் தாள். இலையின் அடிப்பக்கம் ஒட்டிவைத்தால் சில நிமிடங்களில் நிறம் மாறும். அதைக் காட்டித்தான் ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்கு நீராவிப்போக்கைப் புரியவைப்பேன். ஒரு தாளை அவர் நெற்றியில் ஒட்டினேன், இன்னொன்றை முன்கையில்.

"கோபால்ட் உப்பக் கொண்டாந்து மனுசன் தோல்ல ஒட்டுதியே, நீயெல்லாம் சயின்ஸ் டீச்சரா?" என்றார். கெமிஸ்ட்ரி படித்தவர், கோபம் வரத்தானே செய்யும். நெற்றித் தாள் ஒரு நிமிடத்தில் சிவந்துவிட்டது. முன்கைத் தாள் நீலமாகவே இருந்தது. காபி குடித்து முடித்தோம், ஜெபம் பண்ணினோம், சாப்பிட்டோம். அப்போதும் நீலம். நான் அதை உரித்து எடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அந்தப் பரிசோதனையை வகுப்பில் காட்டும் ஒவ்வொரு வருடமும் அந்த முன்கைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆலை வேலை போயிற்று. வீட்டு ஹாலிலேயே இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். கட்டடத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. நாங்கள் இங்கே குடிவந்ததே விபத்துக்குப் பிறகுதான், தெரியாத இடமாக இருக்கட்டும் என்று. செகந்திராபாத்தில் பழைய வீட்டில் இருந்தபோது சர்ச் ஆட்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் அவருடைய சட்டைக் கழுத்தில் போய் நின்றதை அவர் மறக்கவில்லை.

இந்த வீட்டை நாங்கள் எடுத்ததற்கு ஒரே காரணம் மரம். படுக்கையறையும் அதை ஒட்டிய பால்கனியும் மேற்குப் பார்த்தவை. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன வீடு அது. ஆனால் பால்கனிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு அந்தத் தூங்குமூஞ்சி நின்றது. காலையில் இலை விரித்து, மாலை ஐந்தரை ஆறுக்குக் கூப்பிவிடும். இடையில் உள்ள நேரம் முழுவதும் எங்கள் சுவருக்கும் சூரியனுக்கும் நடுவில் அதுதான். ஏப்ரல் மத்தியானத்தில்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று கையில் ஜில்லென்று படும். வெறும் நிழலுக்கு அந்தக் குளிர்ச்சி வராது. தகரக் கூரையும் நிழல்தான் தருகிறது, கீழே போய் உட்கார்ந்து பாருங்கள். இலை தன்னிடமுள்ள தண்ணீரை ஆவியாக்கி விடும்போது அக்கம்பக்கத்துச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோல் செய்கிற அதே வேலை. என் கணவரின் தோல் செய்ய முடியாமல் விட்ட வேலையை, பத்து வருடமாக அந்த மரம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று செய்துகொண்டிருந்தது.

அவருக்கு மரத்தின் மேல் பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. காய் விழுந்து பால்கனியெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, காக்கா எச்சம், கம்பளிப்பூச்சி என்று திட்டிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் மத்தியானமானால் நாற்காலியை அந்த ஜன்னலருகே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஏசி போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஏசி இருந்தது. கரண்ட் போனால் ஏசியும் போகும். மேலும் ஒரு மனிதர் வருடத்தில் நாலு மாதம் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாது. இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் பிப்ரவரியிலேயே எங்கள் போர்வெல் குழாயில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வர ஆரம்பித்தது. மார்ச் முதல் வாரத்தில் அதுவும் நின்றது. டேங்கருக்கு ஃபோன் செய்துவிட்டுக் காத்திருப்பதே எல்லார் வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செல்லாரில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தரைக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தை இந்த ஊரில் செல்லார் என்பார்கள். முதல் மாடியில் இருந்த ஓய்வு பெற்ற இன்ஜினியர் எழுந்து, போர் இருப்பது மரத்திலிருந்து பத்தடியில், வேர் முழுவதும் அங்கேதான் இறங்கியிருக்கிறது, தொட்டிச் சுவரிலும் வெடிப்பு, மரத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். சங்கச் செயலாளர் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் இளைஞர், யாரையும் நோகடிக்காதவர். "நம்ம டீச்சர் மேடம் பாட்டனி படிச்சவங்க. அவங்க அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட் எழுதிக் கொடுக்கட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் தெலுங்கில். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் வகுப்புக்கு வெளியே ஒருவர் என் பாடத்தைக் கேட்கிறேன் என்றது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நோட்டு எதுக்கு? ஒங்களுக்கு வேர்க்காதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். ஒரு பய வெட்டச் சொல்ல மாட்டான்" என்றேன்.

அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "என் தோலக் கொண்டுபோயி மீட்டிங்குல வைக்காத, கேட்டியா?"

"எல்லாரும் நல்ல மனுசங்கதான."

"நல்ல மனுசங்க பாக்குததுதான் எனக்குத் தாங்க முடியல. நக்கோன்னா நக்கோ."

நான் வற்புறுத்தவில்லை. அவருக்காகத்தான் வற்புறுத்தவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு இரக்கத்தால் ஜெயிக்க விருப்பமில்லை, பாடத்தால் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பாழாய்ப்போன அகம்பாவத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வருகிறது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே பால்கனியிலிருந்து எட்டி, நாலு கொத்துகளில் கண்ணாடி போன்ற பாலிதீன் உறைகளைக் கட்டினேன். பத்தரைக்குள் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது. இலை பறித்த வெறும் குச்சியில் ஒரு உறை, அது காய்ந்து கிடந்தது. ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமே. ஒரு தாளில் படம் வரைந்து, வேரிலிருந்து இலைக்கு அம்புக்குறி, இலையிலிருந்து மேகத்துக்கு அம்புக்குறி, மேகத்திலிருந்து மண்ணுக்கு அம்புக்குறி போட்டேன். தலைப்புக்குக் கீழே வரையறை. யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது. வருடா வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்த ஆங்கில வரி. தாவரத்தின் தரைக்கு மேலுள்ள பாகங்களிலிருந்து நீர் ஆவியாக இழக்கப்படுவது நீராவிப்போக்கு என்று அதற்கு அர்த்தம். அதில் வருகிற முக்கியமான வார்த்தை "லாஸ்".

தமிழில் போக்கு என்றால் போவது. அதில் நஷ்டம் இல்லை. காற்றோட்டம், நீரோட்டம் மாதிரி அதுவும் ஒரு நடப்பு. ஆங்கிலத்தில் எழுதிய யாரோ ஒருவர் எப்போதோ அதை இழப்பு என்று எழுதிவைத்தார், நானும் கிளிப்பிள்ளை மாதிரி எத்தனையோ பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். எழுதாதவர்களுக்கு மார்க்கும் குறைத்திருக்கிறேன்.

செல்லாரில் முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். உறைகளைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினேன். எல்லாரும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். மூன்றாவது மாடிப் பெண்மணி, "அம்மாடி, நாலு மணி நேரத்துல இவ்வளவா?" என்றார். எனக்குப் பேராசை வந்துவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சு தூங்கும்போது நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு பெரிய எண்ணைத் தூக்கிப் போடுவேன். எல்லாரும் முழித்துக்கொள்வார்கள். "இது ஒரு கொத்துதான். முழு மரமும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நாற்பது பிந்தெ தண்ணீரை வெளியே விடுகிறது" என்றேன். பிந்தெ என்றால் குடம். நாற்பது என்பது நான் அளந்த எண் இல்லை. வாயில் வந்தது.

செல்லார் அமைதியாகிவிட்டது. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று வாரமாக வீட்டில் ஒவ்வொரு பிந்தெயாக எண்ணிப் பிடித்துவைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் அதைச் சொன்னோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இன்ஜினியர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த நாப்பது பிந்தெ எங்க இருந்து வருது மேடம்?"

"வேர் வழியா. நிலத்துல இருந்து."

"எந்த நிலம்?"

"நம்ம நிலம்தான்."

"சரி. வெளிய விட்ட தண்ணி எங்க போகுது?"

"காத்துல கலந்து மேல போகுது. மேகமாகி மழையா வருது."

"இங்கயே வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். யார் போய் அளக்கப் போகிறார்கள்? ஆனால் தப்பாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னவளுக்கு அப்போது பார்த்து நேர்மை வந்தது. "காத்து போற பக்கம் போகும். நமக்குப் பெரும்பாலும் மேற்குக் காத்து. அதனால கிழக்கே" என்றேன்.

"கிழக்கேன்னா? நல்கொண்டா பக்கமா?"

"இருக்கலாம்."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப நம்ம போர்த் தண்ணிய மேடம் நல்கொண்டாவுக்கு அனுப்பிட்டிருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர்கூடச் சிரித்தார். அவமானத்தை மறைக்க நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நான் சொன்னதுதான் உண்மையான பாடம். யாரும் கேட்கவில்லை. கடல் எங்கே இருக்கிறது, ஹைதராபாத் எங்கே இருக்கிறது? கடலில் கிளம்பிய ஈரம் ஒரே மூச்சில் இங்கே வந்து சேர்வதில்லை. வழியில் மழையாக இறங்குகிறது, அங்கே உள்ள காடும் பயிரும் அதை வேரில் உறிஞ்சி இலை வழியாகத் திரும்பக் காற்றில் ஏற்றிவிடுகின்றன, அது இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து இறங்குகிறது. நமக்கு மேற்கே யாரோ ஒருவருடைய மரம் விட்ட தண்ணீரும் நம் மழையில் இருக்கிறது. நம்முடையது நல்கொண்டாவுக்குப் போகிறது. நடுவில் ஒருவர் இது என் தண்ணீர் என்று கையை மூடிக்கொண்டால் அடுத்தவருக்கு இல்லை, அவருக்கு அடுத்தவருக்கும் இல்லை. இதை நான் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கையில் சாக்பீஸ் இல்லாமல் எனக்குப் பேச்சு சரியாக வராது.

இன்ஜினியர் என் தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டு, வரையறையை வாசித்தார். "லாஸ் ஆஃப் வாட்டர். மேடமே எழுதியிருக்காங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்த மாதிரி சொன்னார்.

கை தூக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் என் வாய்க்குள் மூன்று வார்த்தைகள் இருந்தன. என் கணவருக்கு வியர்க்காது. சொல்லியிருந்தால் அந்தக் கைகளில் பாதி இறங்கியிருக்கும். அவர் நக்கோ என்று சொல்லியிருந்தாரே என்று ஒரு பக்கம். முப்பது பேர் சிரித்த பிறகு அவர்கள் முன்னாலேயே கெஞ்சுவதா என்று இன்னொரு பக்கம். எது பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரத்தை வெட்ட மாநகராட்சிக்கு எழுதிய விண்ணப்பத்தோடு என் தாளையும் இணைத்துக் கொடுத்தார்கள். மார்ச் கடைசியில் அனுமதி வந்தது. வெட்டிய அன்று நான் பள்ளியில் இருந்தேன். அரை நாள் பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், ஹால் வரைக்கும் வெயில் வந்து கிடந்தது. படுக்கையறைச் சுவரில் அதுவரை கண்ணில் படாத ஒரு விரிசல், மேலிருந்து கீழ்வரை. கணவர் ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிச்சம் நல்லாருக்கு" என்றார்.

கீழே போய் அடிமரத்தைப் பார்த்தேன். வெட்டிய முகத்தில் ஈரம் ஊறி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. வேருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தது, வாங்கிக்கொள்ள மேலே இலை இல்லை. நாலைந்து நாள் அப்படியே நனைந்து கிடந்து, பிறகு காய்ந்தது. போரில் தண்ணீர் வரவில்லை. அடுத்த வாரம் கிழக்கு மூலையில் இன்னும் ஆழமாக வேறொரு போர் போட்டார்கள்.

ஏப்ரலில் மேற்குச் சுவரைத் தொட முடியவில்லை. ஏசியின் வெளிப்பெட்டி அந்தச் சுவரில்தான் இருந்தது. நேர் வெயிலில் அது மூன்று மணிக்கெல்லாம் தானாக நின்றுவிடும். கூலர் வாங்கினோம். புல் பாயில் தண்ணீர் சொட்டி, காற்றை நனைத்து உள்ளே அனுப்புகிற பெட்டி. மரம் செய்த அதே வேலைதான், ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வாளி தண்ணீர் நாம்தான் ஊற்ற வேண்டும். டேங்கர் தண்ணீரை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். குளிக்க வைத்த தண்ணீரைக் கூலரில் ஊற்றினோம். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டி ஊற்றிப் பார்த்தேன், நாற்றம் தாங்கவில்லை. டியூஷன் பிள்ளைகளை நிறுத்தினார். குளியலறைதான் வீட்டிலேயே சூடு குறைந்த இடம். பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, சட்டையைக் கழற்றி, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர். நான் வந்து கதவைத் தட்டினால், "உள்ள ஆள் இருக்கு" என்பார், ரயிலில் சொல்கிற மாதிரி. ஆரம்பத்தில் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த மாதம் மூன்றாவது வாரம் எனக்குப் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் பணி. மாலை ஐந்துக்குத்தான் விடுவார்கள். அன்று மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை, டேங்கரும் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்து குளியலறைக் கதவைத் தட்டினேன். சத்தம் இல்லை. தள்ளினேன். தரையில் கிடந்தார். காலி வாளி பக்கத்தில். நெற்றியிலும் வியர்வை நின்றுபோயிருந்தது. உடம்பைத் தொட்டேன், நெருப்பாகச் சுட்டது. என்னைப் பார்த்து என்னவோ சொன்னார், ஆனால் யாரிடமோ பேசுகிற மாதிரி, ஆலையில் வால்வை மூடச் சொல்லி.

படிக்கட்டில் நின்று கத்தினேன். செயலாளர்தான் முதலில் ஓடிவந்தார். சட்டை போடாமல் கிடந்தவரை அப்படியே ஈரத் துணியில் சுற்றித் தூக்கினார். காரை அவரே ஓட்டினார். பின்சீட்டில் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலை அந்தத் தழும்புகளின் மேல் ஊற்றிக்கொண்டே வந்தேன். அந்தத் தோலுக்கு அது போதவில்லை.

பிழைத்தார். மூன்று நாள் தீவிர சிகிச்சை, ஒரு வாரம் வார்டு. இரண்டாம் நாள் காலை செயலாளர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேடம், சாருக்கு இப்படின்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? மேகம், மழைன்னு சொன்னீங்களே. இதைச் சொல்லியிருந்தா நான் வெட்ட விட்டிருப்பேனா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது, அவர் சொன்னது அவ்வளவு சரி. மாலையில் இன்ஜினியர் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த வருடம் வெயில் ரொம்ப மோசம் மேடம் என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கொண்டுவர வேண்டியிருக்காது. கணவரின் அண்ணன் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார், குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மா இருந்தது. மே மாதம் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஐந்து வாரம் நானும் இருந்தேன். பள்ளி திறப்பதற்கு நான் மட்டும் திரும்பினேன். ஓய்வுபெற எனக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் வேறு வீடு தேடினேன். புரோக்கரிடம், மேற்குப் பக்கம் பெரிய மரம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை என்றேன். "வாஸ்துவா மேடம்?" என்றார். ஹவ், ஆமாம், வாஸ்துதான் என்றேன். ஏழெட்டு வீடு காட்டினார். ஒன்றில் வேப்பமரம் இருந்தது. வீட்டுக்காரர், கவலைப்படாதீர்கள், அடுத்த மாதம் அதை எடுத்துவிட்டுப் பார்க்கிங் போடுகிறோம் என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

ஜூலையில் இங்கே நல்ல மழை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கணவர் ஃபோன் செய்தார். குரல் பழைய குரலாக இருந்தது. "இன்னைக்கி மத்தியானம் பன்னெண்டு மணிக்கு சர்ச் வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தேன்" என்றார். "போவ ஒரு மைல், வர ஒரு மைல். தோட்டத்து வழியா. ஒண்ணும் செய்யல."

பதினோரு வருடத்தில் அவர் நடுப்பகலில் வெளியே நடந்ததில்லை. "குட பிடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"குடையா? வெறுந்தலைதான்" என்றார். "அங்க மழ பெய்யுதாமே. சூடு எறங்கிருக்கும்லா? அடுத்த வாரம் டிக்கெட் போட்டு வந்துரட்டா? நீ தனியா கெடக்க."

வாங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. மழை முடிந்ததும் அக்டோபர் வெயில். பிப்ரவரியிலிருந்து மறுபடி அந்த ஸ்டூல், அந்த ஈரத்துண்டு, நான் பள்ளியில் இருக்கிற மத்தியானங்கள். அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது இரண்டு கார் நிற்கிறது. ஒரு தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடவை அப்படி இருக்க முடியாது.

"அங்கயே இருங்க" என்றேன்.

"எது வரைக்கும்?"

"அங்கயே இருங்க. லீவுக்கு நான் வாரேன்."

ஃபோனில் அண்ணன் வீட்டுப் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பரண்மேல கம்பளிப் போர்வ ஒண்ணு இருக்கும், அத அனுப்பி விடு. டிசம்பர்ல இங்க ரொம்பக் குளிருமாம்" என்றார்.

சரி என்றேன்.